நாக்கில் ஒட்டுகிற கல்

கீழே ஊற்றின தண்ணீரை அந்த அக்கா அப்படியே விட்டுவிட்டுப் போகாது. நின்று பார்க்கும். எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போகும். சாப்பிட்டுக் கை கழுவின தண்ணீருக்கும் அதே கதைதான். சிலமலையில் அந்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது நான் பார்த்தது இதைத்தான். கொஞ்சம் மறை கழன்ற ஆள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஆழ்துளைப் போரில் மோட்டார் இறக்கி ஏற்றுகிற ஆள். இருப்பது போடியில். ஒரு பழைய டெம்போ, மூணு கால் கம்பி, சங்கிலி, கூட ரெண்டு ஆள். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. பூமிக்குள் இருப்பதில் நான் பார்த்தது குழாயோடு மேலே வந்தது மட்டும்தான்.

அக்காவின் பேர் இங்கே வேண்டாம். ஊரிலும் யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்லுநக்கி என்பார்கள். அது காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். அது கோபப்படாது. "நக்குறேன், சொல்றாக" என்று விட்டுவிடும்.

அந்தப் பேர் வந்தது போர் போட்ட அன்றைக்கு. மோட்டார் இறக்கப்போவது நான்தான் என்பதால் ஆழம் பார்க்க நானும் போயிருந்தேன். போர் வண்டி புழுதியை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு ஒரு குவியல் என்று கல்தூளை வரிசையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு குவியலுக்கும் குனிந்து, ஒரு சில்லை எடுத்து, முந்தானையில் துடைத்து, நாக்கில் வைத்தது. எடுத்துப் போட்டது. அடுத்த குவியலுக்குப் போனது. வண்டி ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"யக்கா, பசிச்சாச் சொல்லுங்க. பரோட்டா வாங்கியாறச் சொல்றோம்."

"ஒங்க வண்டி திங்கிறதத்தானப்பா நானும் திங்கிறேன். மொதல்ல அதுக்கு வாங்கிக் குடுங்க" என்றது அக்கா.

நூற்றி எழுபதாவது அடிச் சில்லை நாக்கில் வைத்ததும் கையை எடுத்துவிட்டது. சில்லு கீழே விழவில்லை. நாக்கிலேயே தொங்கியது. அப்படியே என் பக்கம் திரும்பி நாக்கை நீட்டிக் காட்டியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிய்த்து எடுத்த பிறகு சொன்னது.

"இது உக்குன கல்லு. நாக்குல இருக்குற ஈரத்தை உறிஞ்சுது, அதான் ஒட்டுது. கருங்கல்லு ஒட்டாது. இந்தக் கல்லு வந்தா வெடிப்பு பக்கத்துல இருக்கு. அங்க தண்ணி இருக்கும். இல்லாட்டி இருந்திருக்கும்."

அடுத்த குழாய் பாதி இறங்கும்போது புழுதி நின்று சேறு வந்தது. அதுக்குப் பிறகு அறுநூறு அடி வரைக்கும் போட்டார்கள். தண்ணீர் கிடைத்தது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

யாரும் பார்க்காதபோது நானும் ஒரு சில்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது.

அக்காவுக்குச் சோலி போடியில், ஒரு ஏலக்காய் ஸ்டோரில். தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குவது. வெடித்தது, வெளுத்தது, சிறுத்தது என்று தனித்தனியாகப் பிரிப்பது. அதுக்கு முந்திப் பல வருசம் ஜீப்பில் மலைக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு வந்தது. முழங்கால் போன பிறகுதான் உட்கார்ந்து செய்கிற வேலை. மலைக்குப் போன காலத்தில் அந்த ஜீப்பை ஓட்டினவர் எனக்குத் தெரிந்தவர். வளைவில் பாறையை ஒட்டி வண்டி திரும்பும்போது அக்கா கையை வெளியே நீட்டிப் பாறையைத் தொடுமாம். மழை விட்டு நாலு நாள் ஆகியிருக்கும். பாறை இன்னும் கசிந்துகொண்டிருக்கும். "அன்னைக்குக் குடிச்சத இப்பத்தான் விடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுமாம். "கை போயிரும் தாயி, உள்ள எடு" என்று இவர் கத்துவாராம். மறுநாளும் நீட்டுமாம்.

காயை வைத்துத்தான் அது பாறையைப் புரிந்துகொண்டது என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஸ்டோர் வாசலில் நின்று சொன்னது. "மழை நாள்ல சாக்கைத் தொறந்து வச்சா, அரைகுறையாக் காஞ்ச காய் சும்மா கெடக்கும். நல்லாக் காஞ்ச காய்தான் ஈரத்தை இழுத்துத் தொவண்டுபோகும். எவ்வளவு காஞ்சிருக்கோ அவ்வளவு இழுக்கும். பாறையும் அப்படித்தான்."

எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

போர் ரெண்டு வருசம் ஓடியது. மூணாம் வருசம் சித்திரையில் காற்றுத்தான் வந்தது. மோட்டாரை மேலே ஏற்றினது நான்தான்.

"முடிஞ்சுச்சுக்கா. மூடி போட்டுரு. ஆடுகீடு கால விட்டுரும்."

"மூட வேணாம்."

"வெறும் ஓட்டைக்கா."

"காஞ்ச ஓட்டை. காஞ்சது இழுக்கும்."

அக்காவுக்கு இருந்தது முப்பத்தெட்டுத் தென்னை. வீட்டுக்காரர் வைத்த மரம். முதல் பாளை வருவதுக்குள் அவர் போய்விட்டார். ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தது. நிலத்தை விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்று மகள் ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லும். மரம் போனால் நிலம் போகும். நிலம் போனால் திருப்பூரில் ஒத்தை ரூம்பு வீட்டில், சன்னல் பக்கம் போய் உட்கார வேண்டியதுதான். இதை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னது. குரும்பை உதிர்ந்து கிடந்ததைக் கூட்டிக்கொண்டே சொன்னது.

அந்த ஆடி மாதம் போரைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் குழி வெட்டியது. என்னைக் கூப்பிட்டுக் குழாயின் மேல்பக்கம் வரிசையாக ஓட்டை போடச் சொன்னது. அதைச் சுற்றி வலை, வலையைச் சுற்றி ஜல்லி, அதுக்கு மேலே மணல். பிறகு மேற்கே இருக்கிற கரட்டு மேட்டில் இருந்து மழைக்கு இறங்குகிற தண்ணீரை வாய்க்கால் கீறி இந்தக் குழிக்குத் திருப்பியது.

மழை பெய்தால் வீட்டுக்குள் இருக்காது. உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு குழியின் ஓரத்தில் நிற்கும். தண்ணீர் மணலில் சுழித்து உள்ளே போகும். ராத்திரியும் மறுநாள் காலையிலும் கயிற்றில் கல்லைக் கட்டிப் போருக்குள் விட்டுப் பார்க்கும். ராத்திரி நாற்பதடி வரை ஏறி நின்றது காலையில் இருக்காது.

"ஓடிப்போச்சுக்கா" என்றேன்.

"ஓடவும் செய்யும், குடிக்கவும் செய்யும். மொதல்ல வெடிப்பு வழியா ஓடும். ஓடுறப்பவே ரெண்டு பக்கமும் இருக்குற உக்குன கல்லு இழுத்துக்கிரும். அதுக்கு வயிறு நெறையணும். அப்புறந்தான் நமக்கு."

நான் நம்பவில்லை என்று தெரிந்துகொண்டது. உள்ளே போய் உடைந்த கண்ணாடித் துண்டு ரெண்டு எடுத்துவந்தது. எனக்குக் கொடுத்த டீயில் கொஞ்சத்தைத் தட்டில் ஊற்றியது. ரெண்டு துண்டையும் சேர்த்து, ஒரு ஓரம் ஒட்டி, மறு ஓரம் நூலளவு விலகி இருக்கிற மாதிரிப் பிடித்துத் தட்டில் நிறுத்தியது. டீ தானாக மேலே ஏறியது. விலகின பக்கம் கொஞ்சம். ஒட்டின பக்கம் விரல் நீளம்.

"யாரு தூக்கி விட்டா?" என்று கேட்டது.

நான் மிச்ச டீயைக் குடித்தேன்.

இப்போது கொழுந்தனாரைப் பற்றிச் சொல்லணும். அக்கா வீட்டுக்காரரின் தம்பி. வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் நிலம். பாகம் பிரித்தபோது ரெண்டு பேருக்கும் பொதுவாக இருந்த கிணற்றுக்கு முறை வைத்தார்கள். வாரத்தில் மூணு நாள் இவர்களுக்கு, மூணு நாள் அவர்களுக்கு, ஒரு நாள் கிணறு ஊறுவதுக்கு. பிறகு கிணறு வற்றியது. ஆளுக்கொரு போர் போட்டார்கள். போருக்கு யாரும் முறை வைப்பதில்லை. அவரவர் போர் அவரவருக்கு. பாகத்தில் வந்த ஏதோ மனத்தாங்கலில் அக்காவும் அவரும் பேச்சை நிறுத்தி ஏழெட்டு வருசம்.

பேச்சுத்தான் இல்லையே தவிர, பேசாமல் இருந்த நாளும் இல்லை. எல்லாம் சாடைதான். அவர் தன் மோட்டாரைப் பார்த்துப் பேசுவார். அக்கா தன் ஆட்டைப் பார்த்துப் பேசும். வருசத்துக்கு ஒரு ஆடு மாறும். பேச்சு மாறாது.

"கரட்டுத் தண்ணியக் கொண்டுபோய் ஓட்டையில ஊத்துறாகளாம். ஊரே வந்து பாத்துட்டுப் போகுது" என்பார் அவர், மோட்டார் பெட்டியைத் திறந்துகொண்டே.

"நீ தின்னுடி. சிரிக்கிறவுகளுக்கு வாய் வலிச்சா நிப்பாட்டுவாக" என்று ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே அக்கா சொல்லும்.

நடுவில் நின்று சங்கிலி இழுத்துக்கொண்டிருப்பேன்.

ரெண்டு மழைக்காலம் அப்படிப் போனது. அக்கா போரில் தண்ணீர் நிற்கவில்லை. மரத்தில் மட்டை தொங்க ஆரம்பித்தது. ஒரு நாள் என்னிடம் கேட்டது.

"வரப்புக்கு அங்கிட்டு மோட்டார் சத்தத்தைக் கவனிச்சியா? முந்தி ரெண்டு மணி நேரத்துல மூச்சு வாங்கும். இப்ப நாலு மணி நேரம் அலுங்காம ஓடுது."

நான் கவனித்திருந்தேன். சொல்லவில்லை.

"போடியில இருந்து ரெண்டு மூட்டை கல்லுப்பு கொண்டா" என்றது.

தென்னை மூட்டில் உப்புப் போடுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிறதுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தேன்.

பத்து நாள் இருக்கும். கொழுந்தனார் போன் போட்டார். தண்ணீர் உப்புக் கரிக்கிறது, மோட்டார் ரொம்பக் கீழே கிடக்கிறது போல, இருபதடி மேலே தூக்கு என்றார். போனேன். அவர் வாயைத் திறக்குமுன் அவர் சம்சாரம் ஆரம்பித்துவிட்டது.

"கேளுங்கண்ணே. மூணு நாளா இந்த மனுசன் தட்டைத் தள்ளி விடுறாரு. கொழம்புல உப்ப அள்ளிக் கொட்டிட்டேனாம். எங்காத்தா வரைக்கும் இழுத்துப் பேசிட்டாரு. நேத்து உப்பே போடாம வச்சேன். அதுவும் கரிக்குதுங்குறாரு. அப்பறந்தான் தண்ணிய வாயில ஊத்திப் பாத்தேன்."

"சரி சரி, விடு" என்றார் அவர்.

"எங்காத்தாளப் பேசுனத விடுறதா?"

குழாயில் ஒரு கை பிடித்துக் குடித்தேன். கரித்தது. என் டெம்போவின் மூலையில் அந்த மூட்டையில் இருந்து சிந்தின உப்பு இன்னும் கிடந்தது. வரப்புப் பக்கம் பார்த்தேன். அக்கா ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

"கரிக்குதாமா? நல்லாக் கேட்டுச் சொல்லுடி" என்றது ஆட்டிடம்.

அவருக்கு மூஞ்சி மாறிவிட்டது. என்னைப் பார்த்துக் கத்தினார். "என்னத்தக் கலந்தாகன்னு கேளு! மருந்தா? பிள்ளகுட்டி குடிக்கிற தண்ணி. போலீசுக்குப் போவேன்னு சொல்லு!"

"கல்லுப்பு" என்று ஆட்டிடம் சொன்னது அக்கா. "ரெண்டு மூட்டை. தென்னைக்குப் போடுறதுதான். அவுக தென்னைக்கும் சேத்துத்தான் போட்டிருக்கு."

"கொண்டாந்து குடுத்தது எவன்?"

ஆடு மட்டும்தான் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான்" என்றேன்.

அவர் சம்சாரம் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. சிரித்ததா என்று தெரியவில்லை.

அக்கா ஆட்டிடம் மெதுவாகச் சொன்னது. "இந்தக் குழியில போட்ட உப்பு அங்கிட்டு நடந்து போயிருக்கு. தண்ணி போகாமயா இருக்கும்? கெணறு இருந்தப்ப மொறை வச்சாக. கெணறு வத்துனா மொறையும் வத்திருமா?"

அவர் என்னிடம் வந்தார். ரொம்பக் கிட்டே வந்தார். "நீ சொல்லு. பூமிக்குள்ள கொழாயிறக்குறவன் நீ. அங்க ஊத்துற தண்ணி என் போருக்கு வருதா?"

வருசத்துக்கு நாலு தடவை என்னைக் கூப்பிடுகிற ஆள். அவர் சொந்தக்காரர்களுக்கும் நான்தான் மோட்டார் பார்த்தேன்.

"வருது" என்றேன்.

"அப்ப அந்த ஓட்டைய மூடச் சொல்லு. இன்னைக்கே மூடணும். உப்பும் வேணாம், அவுக தண்ணியும் வேணாம்."

அக்கா வரப்பில் இருந்து திரும்பி நடந்தது. போகிறபோது ஆட்டிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மூடிரலாம்."

அன்று சாயங்காலமே மூடி போடச் சொன்னது.

"யோசிச்சுச் சொல்லுக்கா. இதுல தோத்துட்டா?"

"தோத்தா திருப்பூரு. மூடு."

மூடினேன். மண்வெட்டியை எடுத்து வாய்க்காலையும் ஓடைப் பக்கம் திருப்பிவிட்டது.

அதுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் சொந்தக்காரர்களும்தான்.

அந்த ஒரு வருசத்தை நான் லேசாகச் சொல்ல முடியாது. ஐப்பசியில் வந்த மழையெல்லாம் கண்ணுக்கு முன்னால் ஓடைக்குப் போனது. அக்கா நின்று பார்த்தது. கை வைக்கவில்லை. ஸ்டோரில் இருந்து வந்ததும் குடத்தில் தண்ணீர் சுமக்கும். தெருக்குழாயில் இருந்து மரத்துக்கு, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் போகிற நாளில் நானும் டெம்போவில் ஒரு டிரம் தண்ணீர் கொண்டுபோய் இறக்குவேன். வேண்டாம் என்று சொல்லாது. நல்லது என்றும் சொல்லாது. தை மாதத்துக்குள் ஒன்பது மரம் தலை சாய்ந்துவிட்டது. ஒன்பதையும் அக்கா தெரிந்தேதான் சாக விட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். செத்த மரத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். அதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

பங்குனியில் கொழுந்தனார் மோட்டார் இருமத் தொடங்கியது. வேறு ஆளை வைத்து நாற்பதடி கீழே இறக்கிப் பார்த்தார். சித்திரையில் அரை மணி நேரம்தான் ஓடியது.

அக்கா மூடினதால்தான் வற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருசம் மழையே கம்மி. ஊரில் பாதிப் போர் நின்றது. அக்காவும் அப்படிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் டிரம்மோடு போனேன். வரப்பைத் தாண்டி ஒரு கறுப்பு ஓஸ் கிடந்தது. அதன் வாய் அக்காவின் முதல் தென்னை மூட்டில். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் தன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வீட்டைப் பார்த்துச் சம்சாரத்திடம் சத்தமாகச் சொன்னார்.

"இருக்குறதே அரை மணித் தண்ணி. அதுல கால் மணி அங்கிட்டு. அதுக்கு மேல ஒரு சொட்டு கெடையாது, ஆமா."

வீட்டுக்குள் யாரும் இல்லை. அவர் சம்சாரம் அப்போது தெருக்குழாயில் நின்றுகொண்டிருந்ததை வரும்போதே பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

"போதும்டி" என்றது அக்கா ஆட்டிடம். பிறகு என் பக்கம் திரும்பியது. "அந்த மூடியக் கழட்டு. வெரசா. மேகம் கூடுது."

அதுக்குப் பிறகு அக்கா போரில் மோட்டார் இறக்கவேயில்லை. அக்கா போரில் ஊற்றுவது, கொழுந்தனார் போரில் எடுப்பது. மழை நன்றாகப் பெய்த வருசத்தில் கால் மணி ரெண்டு மணி ஆனது. செவ்வாயும் வெள்ளியும் அக்கா முறை என்று பழகிவிட்டது. இருபத்தொன்பது மரம் நின்றுகொண்டது. என்னையும் அவர் திரும்பக் கூப்பிட்டார், ஒன்றும் நடக்காத மாதிரி. நானும் போனேன், அதே மாதிரி.

ஆனால் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. கடைசி வரைக்கும் இல்லை. அக்கா காய்ச்சலில் விழுந்து ஆறாம் நாள் போய்விட்டது. கொள்ளிக்குடம் தூக்கினது கொழுந்தனார்தான். நிலத்தை மகள் விற்கவில்லை. நீங்களே பாருங்க சித்தப்பா என்று சொல்லிவிட்டுத் திருப்பூர் போய்விட்டது.

போன ஐப்பசியில் அவர் மோட்டார் ஒயரைப் பார்க்கப் போயிருந்தேன். கரட்டில் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் வீட்டில் இல்லை. தேடினால், உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அக்காவின் குழிக்குள் இறங்கி நிற்கிறார். மணலுக்கு மேலே படிந்திருந்த வண்டலை மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மேல வண்டல் அடைச்சா உள்ள எறங்காது. மாசம் ஒருக்க சொரண்டணும்" என்றார்.

"யாரு சொன்னா?"

சுரண்டுவதை நிறுத்தவில்லை. "அவுக ஆட்டுக்கிட்டச் சொல்லிக்கிட்டிருப்பாக" என்றார்.

மழை பிடித்தது. கரட்டுத் தண்ணீர் வாய்க்காலில் செம்மண் கலந்து வந்து குழிக்குள் விழுந்தது. ஒயரைப் பார்க்க வந்தவன், பார்க்கவில்லை. தண்ணீர் மணலில் சுழித்து இறங்கி, கடைசிக் குமிழி உடைந்து, ஈர மணல் மட்டும் மிச்சமாகிற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே நின்றோம்.